படிக்குக் கீழே வருகைப் பதிவு

உட்காருங்க சார். அந்தச் சிவப்பு நாற்காலியிலயே உட்காருங்க, ஒண்ணும் ஆகாது, நாலு காலும் நல்லாத்தான் இருக்கு. செயலாளர் ஐயா பதினோரு மணிக்கு வந்துருவாரு. அதுவரைக்கும் உங்க நோட்டுல எழுத வேண்டியதை நான் சொல்றேன். பதினாலு வருசமா இந்த டிரஸ்ட்ல இருக்கேன். என்னையவிட யாரு சொல்லிற முடியும்?

அங்கிட்டு எதுக்குப் போறீங்க? தாவீதுகிட்டயா? அவனுக்குக் காது கேட்காது சார், பேச்சும் வராது. கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரன். ஆனா நீங்க அவன்கிட்ட என்னத்தைக் கேட்டு, அவன் என்னத்தைச் சொல்லி... விடுங்க. அவனுக்கும் சேர்த்து நானே சொல்லிர்றேன். எப்பவும் அப்படித்தான்.

என் பேரு மாரிக்கனி. ரெண்டு காலும் போலியோ. மாற்றுத்திறனாளின்னு இப்ப மரியாதையாச் சொல்றாங்க, சந்தோசம். அந்த மரியாதை படிக்கட்டுக்குத் தெரியுமா? ஊனமுள்ளவங்களை மதிச்சு வேலைக்கு வச்சிருக்கிற நல்ல ஆபீஸுன்னு எங்களுக்கு விருது குடுக்கப் போறீங்களாம். குடுங்க. தாராளமாக் குடுங்க. கதையைக் கேட்டுட்டுக் குடுங்க.

வரும்போது வெளியில படிக்கட்டைப் பார்த்தீங்கல்ல? இருபத்திரண்டு படி. இந்தத் தை மாசம் வரைக்கும் ஆபீஸ் மேலதான் இருந்துச்சு. நடக்க முடியாதவங்களுக்குச் சக்கர நாற்காலி குடுக்கிற டிரஸ்ட்டு, மாடியில! சிரிக்காதீங்க, இன்னும் இருக்கு. கீழ, இப்ப நாம உட்கார்ந்திருக்கிற இந்த ஹால்ல என்ன இருந்துச்சு தெரியுமா? அந்தச் சக்கர நாற்காலிங்க. நன்கொடையா வந்தது, பாலிதீன் கவர்கூடப் பிரிக்காம வரிசையா அடுக்கி வச்சிருந்தாங்க. பெரிய ஆளு யாராவது தேதி குடுத்து வந்து வழங்கணுமாம். தேதி கிடைக்கல. மூணு வருசமாக் கிடைக்கல.

நாற்காலியெல்லாம் கீழ, நாங்கள்லாம் மேல. நான் ஐயாகிட்ட கேட்டேன். "ஏங்கய்யா, இதை மேல வச்சிட்டு ஆபீஸைக் கீழ கொண்டுவந்தா என்ன?"

அவர் சொன்னாரு, "அத்தனையும் மாடிக்குத் தூக்குறது சிரமம்மா."

சிரமமாம். நாற்காலியைத் தூக்குறது சிரமம். என்னையத் தூக்குறது சிரமமில்ல.

ஆமா சார், தூக்கித்தான் கொண்டு போனாங்க. காலையில ஒம்பதரைக்கு மேல, சாயந்தரம் அஞ்சரைக்குக் கீழ. நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அதே நாற்காலி. பியூன் சங்கிலி அண்ணன் ஒரு பக்கம், டிரைவர் கருத்தப்பாண்டி ஒரு பக்கம். பதறாதீங்க, உட்காருங்க. பாலவநத்தத்துல இருந்து விருதுநகர் வரைக்கும் சைடு வீல் வச்ச வண்டியை நானே ஓட்டிட்டு வர்றேன். லாரிக்காரன் ஹாரன் அடிச்சா நானும் திருப்பி அடிப்பேன். சமதரையில கக்கத்துக் கட்டை ஊனி நடந்துருவேன். ஆனா இந்த இருபத்திரண்டு படிக்கு எனக்கு ரெண்டு ஆம்பளை வேணும். தூக்கும்போது சேலையை இறுக்கிப் பிடிச்சுக்கணும். அவங்க எங்க பிடிக்கிறாங்கன்னு நம்மளும் பார்க்கக்கூடாது, அவங்களும் பார்க்கக்கூடாது. ரெண்டு பேரும் நல்ல மனுசங்கதான். நல்ல மனுசங்க தூக்கினாலும் தூக்குறது தூக்குறதுதான்.

அப்புறம் தண்ணி. காலையில எட்டு மணிக்கு வீட்டுல ஒரு வாய் காப்பி குடிப்பேன். அதோட சாயந்தரம் வீட்டுக்குப் போய்த்தான் தண்ணி. ஏன்னா மேல இருந்த கக்கூஸுக்கு முழங்கால் உயரத்துக்கு வாசப்படி. உள்ள போனா கட்டையைத் திருப்ப முடியாது. வெயில் காலத்துல நாக்கு ஒட்டிக்கும், குடிக்க மாட்டேன். ரெண்டு தடவை சிறுநீர்ல கல்லுன்னு ஆஸ்பத்திரியில படுத்தேன். ஐயா ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்து பார்த்தாரு. "நிறையத் தண்ணி குடிக்கணும்மா"ன்னு சொன்னாரு. நல்ல மனுசன் சார். அதுதான் கஷ்டமே. கெட்டவனா இருந்திருந்தா என்னைக்கோ சண்டை போட்டிருப்பேன்.

வெளியூர்ல இருந்து யாராவது பார்க்க வந்தா, ஐயா அவங்களைப் படிக்குக் கீழ நிப்பாட்டி வச்சு, நான் தூக்கப்படுறதைக் காட்டுவாரு. "பாருங்க, நாங்க யாரையும் விட்டுட மாட்டோம்"பாரு. ஒரு வருசம் ஆண்டறிக்கை அட்டையில என் படம்தான். நாற்காலியில, நடுப்படியில, காத்துல தொங்கிக்கிட்டு. கீழ 'கருணைக் கரங்கள்'னு போட்டிருந்தாங்க. அதுல நான் சிரிச்சுக்கிட்டு வேற இருக்கேன். அந்தச் சிரிப்பைப் பார்த்தா இப்பவும் எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

சரி, விசயத்துக்கு வர்றேன். போன டிசம்பர் மூணு. மாற்றுத்திறனாளிகள் தினம். வாசல்ல பந்தல் போட்டு, மைக் கட்டி, ஒரே கூட்டம். உதவிக்குக் காலேஜ் பிள்ளைங்க வேற வந்திருந்தாங்க. எனக்கு மேல பயனாளிகள் பட்டியல் முடிக்கிற வேலை. முடிச்சதும் இறக்கிவிடுவாங்கன்னு உட்கார்ந்திருந்தேன். சங்கிலி அண்ணன் நினைச்சாரு, காலேஜ் பிள்ளைங்க இறக்கிருப்பாங்கன்னு. காலேஜ் பிள்ளைங்க நினைச்சாங்க, சங்கிலி அண்ணன் இறக்கிருப்பாருன்னு. எல்லாரும் கீழ போயிட்டாங்க. மேல யாருமே இல்ல. தாவீது மட்டும் அந்தக் கோடியில திரும்பி உட்கார்ந்து சர்டிபிகேட் பிரிண்ட் எடுத்துக்கிட்டு இருந்தான். அவன் இருந்தென்ன இல்லாட்டி என்ன, காதுல விழவா போகுது?

அப்ப மைக்குல என் பேரு. "இந்த ஆண்டின் சிறந்த பணியாளர், செல்வி மாரிக்கனி!" கைதட்டு. நான் ஜன்னல்கிட்ட நகர்ந்து போய்க் கத்துறேன். "ஐயா! நான் மேல இருக்கேன்! சங்கிலி அண்ணே!" மைக் சத்தத்துல எங்க கேட்கும்? போனும் கீழ வண்டிப் பெட்டியில கிடக்கு. மறுபடியும் பேரைச் சொல்றாங்க. மறுபடியும் கத்துறேன். தொண்டை கட்டிப்போச்சு. அப்புறம் ஐயா குரல் கேட்குது. "நம்ம மாரிக்கனிக்குக் கூச்சம் ஜாஸ்தி. மேடைக்கு வர மாட்டேங்குது. பரவாயில்ல, அது சார்பா நானே வாங்கிக்கிறேன்." சிரிப்பு, கைதட்டு, போட்டோ.

எனக்கா கூச்சம்? என்னையப் பார்த்தாக் கூச்சப்படுற ஆளாத் தெரியுதா சார்?

சாப்பாட்டு நேரத்துல சர்டிபிகேட் எடுக்க சங்கிலி அண்ணன் மேல வந்தாரு. என்னையப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டாரு. கீழ இறக்கிவிட்டாங்க. ஐயா கேடயத்தைக் கையில குடுத்து, "எங்கம்மா போயிட்ட?"ன்னு கேட்டாரு. வண்டியில ஏறி வீட்டுக்குப் போயிட்டேன். வழியெல்லாம் அழுதேன். அழுகைன்னா துக்கம் இல்ல, ஆத்திரம்.

மறுநாள் காலையில வந்தேன். சங்கிலி அண்ணனும் கருத்தப்பாண்டியும் நாற்காலியோட வந்து நின்னாங்க. நாற்காலியை வாங்கி, முதல் படிக்குப் பக்கத்துல, மோட்டார் ரூமை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். "இனிமே யாரும் என்னையத் தூக்க வேண்டாம். என் வேலையை இங்கனயே பார்க்குறேன்"னு சொன்னேன்.

சங்கிலி அண்ணன் சிரிச்சாரு சார். பதினாலு வருசத்துல என்கிட்ட அவர் சிரிச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன். அவருக்கு இடுப்புல எத்தனையோ வருசமா வலியாம். பெல்ட் போட்டுக்கிட்டுத்தான் தூக்கினாராம். எனக்கு எப்படித் தெரியும்? அவர் சொல்லல, நான் கேட்கல.

ஐயா இறங்கி வந்தாரு. "என்னம்மா இது, தெருவுல உட்கார்ந்துக்கிட்டு? பார்க்குறவங்க என்ன நினைப்பாங்க?"

"படி இருக்குன்னு நினைப்பாங்கய்யா."

"உனக்கு நாங்க என்ன குறை வச்சோம்? தாங்கலையா உன்னைய?"

"தாங்குனது போதும்யா. நடக்க விடுங்க."

அவருக்கு முகம் செத்துப்போச்சு. வருகைப் பதிவேடு மேலதான் இருக்கும், மேல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் வேலைக்கு வந்ததாக் கணக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. கொஞ்ச நாள்ல ஒரு கடிதமும் வந்துச்சு. மேலே வந்து கையெழுத்திடாத நாட்கள் எல்லாம் விடுப்பு, ஜனவரி முடியிறதுக்குள்ள பழையபடி மேல வரலன்னா வேலையில இருந்து நீக்கம்னு. சங்கிலி அண்ணன்தான் கொண்டுவந்து குடுத்தாரு, தரையைப் பார்த்துக்கிட்டே.

வீட்டுல எங்க அண்ணன் வஞ்சான். "உனக்கு எவன் வேலை குடுப்பான்? தூக்குனா என்ன, தேய்ஞ்சா போயிருவ?"ன்னான். பயமாத்தான் இருந்துச்சு சார். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். இந்த வேலை போனா, அண்ணன் வீட்டு மூலையில உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறதுதான் மிச்சம். அண்ணி நல்லவ, ஆனா அவ வீடு. என் வண்டிக்கு நானே பெட்ரோல் போட்டாத்தான் நான் மாரிக்கனி.

அதனால என்ன பண்ணேன் தெரியுமா? கடைக்குப் போய்க் கறுப்பு மார்க்கர் வாங்கினேன். திரும்பிப் பாருங்க, ஜன்னல் வழியா, படிக்கட்டுச் சுவர்ல. தெரியுதா? தேதி, நேரம், கையெழுத்து. டிசம்பர் நாலுல ஆரம்பிச்சு வரிசையா. தினமும் வந்ததும் ஒண்ணு, போகும்போது ஒண்ணு. அவங்க பதிவேட்டுல நான் விடுப்பு. சுவர்ல நான் ஆஜர். வெள்ளையடிக்க ஆள் வந்தான் பொங்கலுக்கு முன்னாடி. அந்த இடத்துல நாற்காலியைச் சாத்தி உட்கார்ந்துக்கிட்டேன். என்னையச் சுத்தி அடிச்சிட்டுப் போயிட்டான். அதான் அங்க மட்டும் பழைய சுண்ணாம்பு.

வேலையை நிறுத்தல சார், அதை எழுதுங்க. முன்னாடியெல்லாம் மனு குடுக்க வர்றவங்க கீழ நின்னு பெல் அடிக்கணும். சங்கிலி அண்ணன் இறங்கி வந்து பேப்பரை வாங்கிட்டு மேல போவாரு. கையெழுத்து இல்லைம்பாங்க, மறுபடி இறங்கி வருவாரு. நகல் இல்லைம்பாங்க, மறுபடி. பொறுமை இல்லாதவங்க தவழ்ந்தே மேல வருவாங்க. மல்லாங்கிணத்துல இருந்து ஒரு பெரியவர் அப்படித்தான் கையை ஊனி ஊனி ஏறி வந்தாரு. மேல வந்ததும், "படிவம் தீர்ந்துபோச்சு, திங்கக்கிழமை வாங்க"ன்னு சொன்னோம். சொன்னது யாரு? நான்தான். மேல உட்கார்ந்திருக்கும்போது எனக்கும் அது பெருசாத் தெரியல.

அப்ப நான் முதல் படிக்குப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன்ல? வர்றவங்க பெல்லைத் தொடவே இல்ல. என்கிட்டயே எழுதி, என்கிட்டயே குடுத்து, கால் மணி நேரத்துல போயிட்டாங்க. மனுவெல்லாம் நாற்காலிக்கு அடியில ஒரு தகரப் பெட்டியில. ஐயாவுக்கு எந்தப் பேப்பர் வேணும்னாலும் கீழ வரணும். காலையில ரெண்டு தடவை, மத்தியானம் மூணு தடவை. அவருக்கு வயசு அறுபத்தெட்டு. ஜனவரி இருபத்தெட்டாம் தேதி, கெடு முடிய மூணு நாள் இருக்கு, இறங்கி வந்தவரு திரும்ப ஏறும்போது முடியல. அஞ்சாவது படியிலயே உட்கார்ந்துட்டாரு. முட்டியைத் தேய்ச்சுக்கிட்டே, "இந்தப் படி ரொம்ப அதிகம்மா"ன்னாரு.

நியாயம் புரிஞ்சு இறங்கி வரல சார். முட்டி வலிச்சு இறங்கி வந்தாரு. எதுவா இருந்தா என்ன, இறங்கி வந்தாருல்ல?

அந்தக் கடிதத்தை அவரே கிழிச்சுப் போட்டாரு. ஆபீஸைக் கீழ மாத்துறதா முடிவாச்சு. அப்ப இந்தச் சக்கர நாற்காலியெல்லாம் என்ன செய்ய? மாடிக்குத் தூக்குறது சிரமமாச்சே! மூணு வருசமாத் தேதி கிடைக்காதது, பத்தே நாள்ல அத்தனையும் வீடு வீடாப் போய்ச் சேர்ந்துருச்சு. மேடை இல்ல, மாலை இல்ல. மல்லாங்கிணத்துப் பெரியவருக்குத்தான் முதல்ல. நான் உட்கார்ந்திருக்கேனே, இதுவும் அதுல ஒண்ணு. கவரை நானே பிரிச்சேன்.

அப்புறம் ஐயா, இனிமே ஆபீஸ் எப்படி இருக்கணும்னு நீங்களே எழுதிக் குடுங்கன்னு சொன்னாரு. நான் விடுவேனா? வாசல்ல சாய்தளம், அதுவும் வழுவழுன்னு கல்லு பதிக்காம. அகலமான கதவு வச்ச கழிப்பறை, உள்ள பிடிச்சுக்கக் கம்பி. எட்டுற உயரத்துல சுவிட்சு. இப்படி ஒம்பது கோரிக்கை. 'ஊனமுற்ற பணியாளர்கள் அனைவர் சார்பாக'ன்னு மேல போட்டேன். நானும் தாவீதும்தானே அந்த அனைவரும். நான் கையெழுத்துப் போட்டேன், அவன்கிட்ட நீட்டி, இடத்தைக் காட்டினேன், அவனும் போட்டான். பாவம், அவனுக்கு யாரு இருக்கா? நம்மதான் பார்த்துச் செய்யணும்.

கூட்டம் இதே ஹால்ல. ஐயா ஒவ்வொண்ணாப் படிச்சாரு, ஒவ்வொண்ணுக்கும் சரின்னாரு. ஒம்பதும் சரி! எனக்கு நெஞ்சு விம்முது. அப்பப் பார்த்து இந்தப் பய எந்திரிச்சு ஒரு பேப்பரை ஐயாகிட்ட நீட்டுறான். எனக்கு நன்றி சொல்லி எழுதியிருப்பான்னு நினைச்சேன். சத்தமாப் படிங்கய்யான்னு நானே சொன்னேன். சொன்ன வாயை என்ன செய்ய?

அந்தப் பேப்பர் என்கிட்டத்தான் இருக்கு. இருங்க, கைப்பையில... படிக்கிறேன்.

'நான் இங்கே ஆறு வருடமாக வேலை செய்கிறேன். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தால் நானும் சிரிக்கிறேன். எதற்குச் சிரித்தோம் என்று பிறகும் யாரும் சொல்வதில்லை. கூட்டத்தில் பேசுவதை ஒருவர் பலகையில் எழுதினால் எனக்குப் போதும். அக்கா கொடுத்த மனுவில் என் கையெழுத்து இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு இதுவரை தெரியாது. கேடயம் கொடுத்த அன்று அந்த அறையில் நானும் இருந்தேன். அக்கா ஜன்னல் வழியாக ஊரையே கூப்பிட்டார்களாம். என்னைக் கூப்பிடவில்லை. ஒரு பேப்பரைச் சுருட்டி என் மேல் எறிந்திருந்தால் நான் ஓடிப் போய்ச் சொல்லியிருப்பேன்.'

இவ்வளவுதான். கீழ கையெழுத்து.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அத்தனை பேர் முன்னாடி! இவனுக்காகவும் சேர்த்துத்தானே நான் வெயில்ல உட்கார்ந்தேன்? ரெண்டு நாள் அவன்கிட்ட பேசவே இல்ல. நான் பேசலைங்கிறது அவனுக்குத் தெரிஞ்சுச்சா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியாது. சங்கிலி அண்ணன் இருக்காரே, அவர் டீ கொண்டுவந்து வச்சிட்டுச் சொல்றாரு, "நாங்க உன்னையத் தூக்குனோம் கனி, நீ அவனைத் தூக்குன. எங்களுக்காச்சும் இடுப்பு வலிச்சுச்சு." எம்புட்டுக் கொழுப்பு பாருங்க!

அதெப்படிச் சார் ஒண்ணாகும்? நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன். ஐயாவும் நல்லதுக்குத்தான்னு சொல்வாரு, அது வேற. அது... வேறதான். எழுதாதீங்க, இதை எழுதாதீங்க. கொஞ்சம் இருங்க.

பத்தாவதா அதையும் சேர்த்தோம். அந்தா சுவர்ல வெள்ளைப் பலகை. கூட்டத்துல யாரு என்ன பேசினாலும் ஒருத்தர் எழுதணும். போன தடவை என் முறை. கை வலி உயிர் போகுது. எம்புட்டுப் பேசுறோம் சார் நாம!

அவன் பார்க்குறான் பாருங்க. நீங்க வந்ததுல இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கான். நம்ம வாயையே பார்க்குறான்.

சரி. எந்திரிங்க. அந்த நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கிட்டு அவன் பக்கத்துல போய் உட்காருங்க. கேட்க வேண்டியதை எழுதிக் கேளுங்க, அவனே எழுதுவான். நான் சொன்னது அம்புட்டும் என் கதை. அவன் கதையை அவன்கிட்டக் கேட்டுக்கங்க. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இந்தா, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

என்ன கேட்டீங்க? சரி, சரி, கேட்கல.

இன்னுமா எழுதுறான்? பக்கத்தைத் திருப்புற சத்தம் கேட்குது. ஆறு வருசத்துல என்கிட்ட இவன் இவ்வளவு எழுதினதே இல்லையே சார். நானும் கேட்டதில்ல. எழுதட்டும். ஐயா வந்தாலும் நிப்பாட்டாதீங்க, அவன் முடிக்கட்டும்.